உன் அப்பா குடித்ததே இல்லை

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீயே போனில் சொல்லிவிட்டாய், புது வேலைக்காக எடுத்த மெடிக்கலில் உன் கல்லீரலில் கொழுப்பு இருப்பதாக வந்திருக்கிறது என்று. சொல்லிவிட்டுச் சிரித்தாய். அப்பா மாதிரி நான் குடித்தா கெடுத்துக்கொண்டேன், எனக்கு ஒன்றும் ஆகாது என்றாய். நானும் சிரித்து வைத்தேன். போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றிருக்கிறேன் போலிருக்கிறது, அடுப்பில் பருப்பு தீய்ந்த வாடை வந்த பிறகுதான் நகர்ந்தேன். மறுநாள் உன் மனைவி கலாவிடம் பேசினேன். பெரிய டாக்டரைப் பார்க்கச் சொல்லி க்ளினிக்கில் கொடுத்த கடிதத்தை நீ மேசை டிராயரில் போட்டு மூடிவிட்டாயாம். அவள் கேட்டால், குடிக்காதவனுக்கு எதற்கு லிவர் டாக்டர் என்று அவள் வாயை அடைக்கிறாயாம்.

இதை நேரில் சொல்லலாம் என்று கிள்ளானிலிருந்து பஸ் ஏறிப் பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் வந்துவிடுவேன். உன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, கலா போட்ட காப்பியைக் குடித்து, பால்கனியில் அவள் வைத்திருக்கும் கறிவேப்பிலைச் செடியைப் பற்றிப் பேசிவிட்டு அப்படியே திரும்பியும் வந்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா. அதனால்தான் எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா குடித்ததே இல்லை. கல்யாண வீட்டில், கப்பலடியில், தீபாவளிக்கு, எங்கேயும் எப்போதும் ஒரு வாய் கூட இல்லை. அவர் கல்லீரல் கெட்டுத்தான் போனார், ஆனால் அது குடியால் இல்லை. உனக்கு இன்று இருக்கிறதாகச் சொல்கிறார்களே, அதே கொழுப்பில்தான் அவருக்கும் தொடங்கியது. இது எனக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அப்பாவைப் பெற்றவர் காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் கள்ளுக்கடையே கதி என்று கிடந்து செத்தவர். அந்த வாடை தூரத்தில் அடித்தாலே உன் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிடும். போர்ட் கிள்ளானில் அவருக்கு டாலி கிளார்க் வேலை, கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் குறிக்கிற வேலை. கூட வேலை செய்தவர்கள் ஷிப்ட் முடிந்ததும் பீர் வாங்கினால் இவர் சார்சி சோடா வாங்குவார். கல்யாணங்களில் ஆண்கள் மண்டபத்துக்குப் பின்னால் லோரியை நிறுத்தி அங்கே ஒரு தனி விருந்து நடத்துவார்கள், உனக்குத் தெரியும். அங்கேயும் போய் நிற்பார். ஒதுங்கி உட்கார்ந்தால் பெரிய மனுஷன் ஆகிவிட்டான் என்று சொல்லிவிடுவார்களே என்று அவருக்குப் பயம். கையில் கிளாஸ் நிறையச் சார்சி, கறுப்பாக, நுரையோடு. பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்று அவர் யோசித்ததே இல்லை. என் அண்ணன், உன் பெரிய மாமா, பத்தடி தள்ளி நின்று பார்த்தவர்.

நான் அப்போது சுங்கை வே எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இருந்தேன். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. ஒட்டாததைச் சிவப்பு மையில் புள்ளி வைத்து ஒதுக்க வேண்டும். என் லைனில் என்னைவிட அதிகமாகக் குறை கண்டுபிடிக்கிறவள் கிடையாது, அதற்காக எனக்கு இரண்டு தடவை பரிசு கொடுத்திருக்கிறார்கள். கம்பியில் குறை பார்க்கத் தெரிந்த எனக்குக் கண் முன்னால் ஒரு மனுஷன் தொப்பை ஏறி வருஷா வருஷம் பெல்ட்டில் புது ஓட்டை போடுவது குறையாகத் தெரியவில்லை. பெருமையாகத் தெரிந்தது. எங்கள் கல்யாணத்தில் அவர் குச்சி மாதிரி இருந்தார். உன் அத்தை, அதாவது அவர் தங்கை, ஒரு பொங்கலுக்கு வந்தவள், உங்க கையில அண்ணன் நல்லா தேறிட்டாரு அண்ணி என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்னும் இரண்டு வருஷம் அவர் சோற்றில் நெய்யைக் கொட்டினேன்.

ஷிப்ட் வேலை என்பதால் அவர் சாப்பாட்டுக்கு நேரமே கிடையாது. விடிகாலையில் வேலை முடிந்து வரும் வழியில் ரொட்டி சானாய், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் இரண்டு கிளாஸ். வீட்டுக்கு வந்தால் நான் வைத்துவிட்டுப் போன சோறு. சாப்பிட்ட கையோடு படுத்துவிடுவார். முப்பத்தாறு வயதில் அவருக்கு இனிப்பு நீர் வியாதி என்று தெரிந்தது. உன் அத்தைக்கும் உண்டு, அவர்கள் அம்மாவுக்கும் உண்டு, அதனால் நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை இருக்கிறது என்றதும் அவருக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. தீபாவளி, கல்யாணம் என்றால் போகும்போதே ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொள்வார், ஜிலேபிக்காக. வீட்டில் வெறும் சாதம் என்றால் அன்றைக்கு மாத்திரையை விட்டுவிடுவார். இதை ஒரு சாமர்த்தியம் மாதிரி என்னிடம் சொல்வார், நானும் கேட்டுக்கொண்டு இருப்பேன். கொஞ்ச வருஷத்தில் ரத்தக் கொதிப்பும் சேர்ந்துகொண்டது.

வேலை செய்கிற இடத்து க்ளினிக்கில் ஒருமுறை ரத்தம் சோதித்தபோது கல்லீரல் அளவு கொஞ்சம் ஏறியிருந்தது. குடிப்பீங்களா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். இல்லை என்றிருக்கிறார் இவர். டாக்டர் சிரித்துக்கொண்டே குடியை நிறுத்தவும் என்று கார்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். தினமும் முப்பது துறைமுக ஆட்களைப் பார்க்கிறவர், அவரிடம் யார்தான் குடிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருப்பார்கள். அப்பா அந்தக் கார்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் எனக்குள் ஒரு சின்னச் சந்தேகம் அன்றைக்கு உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு நாலைந்து வருஷம் யாரும் எதையும் சோதிக்கவில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ஆள் நடமாடிக்கொண்டிருந்தார். கல்லீரல் கெட்டுப்போகும்போது சத்தமே போடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

உனக்குப் பதினைந்து வயது இருக்கும்போது அவர் கால் வீங்கியது, வயிறு தண்ணீர் கோத்து உப்பியது, கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டுக்கு வந்த டாக்டர் அந்த க்ளினிக் கார்டைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்க வீட்டுக்காரர் எத்தனை வருஷமா குடிக்கிறார் என்று கேட்டார். அவர் குடிக்கிறவர் இல்லை டாக்டர் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பதினாறு வருஷம் ஒரே பாயில் படுத்தவளுக்கு அவர் வாயில் என்ன வாடை வரும் என்று தெரியாதா. நான், எனக்குத் தெரியாது என்றேன். தம்பி, அந்த ஒரு பதிலை நினைத்து நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். அலமாரி, அரிசி டின், ஸ்டோர் ரூம், அவர் சட்டைப் பைகள். மோட்டார் சைக்கிள் பெட்டியில் ஒரு தட்டையான பிராந்திப் பாட்டில் இருந்தது. திறந்து மோந்து பார்த்தேன், இஞ்சின் எண்ணெய். வண்டிக்குப் பெட்ரோலில் கலக்க எல்லோரும் அப்படித்தான் காலிப் பாட்டிலில் எண்ணெய் ஊற்றி வைத்துக்கொள்வார்கள், எதிர்வீட்டுக்காரர் வண்டியிலும் அதே மாதிரி ஒன்று இருந்தது. ஆனாலும் எண்ணெய்க்கு முன்னால் இதில் என்ன இருந்தது, அதைக் காலி செய்தது யார் என்று என் புத்தி போயிற்று. குறை கிடைக்காவிட்டால் லென்ஸை இன்னும் கிட்டே கொண்டுபோகப் பழகியவள் நான். அந்தப் பாட்டிலை எடுத்துப்போய் உன் பெரிய மாமாவிடம் காட்டினேன். நான் அப்பவே சொன்னேன்ல, லோரிக்குப் பின்னாடி பார்த்தேன்னு, என்றார் அவர்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும், ஏனென்றால் நீயும் கூட இருந்தாய். ஆனால் நீ கேட்டது கடைசி வரியை மட்டும்தான். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மாமா எல்லோரையும் முனீஸ்வரன் கோயிலுக்குக் கூட்டிப் போனார். குடியை விடுகிறவன் சாமி முன்னால் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும், அப்போதுதான் மீறமாட்டான் என்பது நம் ஆட்கள் வழக்கம். நீ பூசைத் தட்டு வாங்க வாசல் கடைக்குப் போயிருந்தாய். பூசாரி கற்பூரம் ஏற்றினார். மாமா, இனிமே குடிக்க மாட்டேன்னு சொல்லி அணைங்க மாப்பிள்ள என்றார். அப்பா கையை நீட்டவில்லை.

"குடிச்சதே இல்லன்னு வேணா சத்தியம் பண்றேன்," என்றார். "இனிமே குடிக்க மாட்டேன்னு எப்படிச் சொல்றது? அப்படிச் சொன்னா முன்ன குடிச்சேன்னுதானே ஆவும்."

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தங்கச்சி வாழ்க்கை இது, வார்த்தையில விளையாடாதீங்க என்றார். அப்பா மாமாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அந்த இடத்திலிருந்து தலைநிமிர்ந்து போயிருப்பார்.

"சொல்லிருங்களேன்," என்றேன் நான். "சொன்னா எல்லாருக்கும் நிம்மதி."

அந்தச் சமயத்தில்தான் நீ தட்டோடு உள்ளே வந்தாய். அப்பா கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, இனிமே குடிக்க மாட்டேன் என்றார். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து நீ அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ செய்ததில் தப்பில்லை தம்பி. சாமி முன்னால் ஒரு அப்பன் சொன்னதை மகன் நம்பாமல் வேறு எதை நம்புவான்.

அதோடு போகவில்லை. சத்தியம் ஆகிவிட்டது, இனிமேல் குணமாகிவிடும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். இனிப்பு நீரைப் பற்றி யாருக்கும் ஞாபகமே இல்லை. இளைத்துப் போன உடம்பு தேறட்டும் என்று நான் காலையும் மாலையும் குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்தேன், கெட்டிப்பால் ஊற்றிச் சத்து மாவு கரைத்துக் கொடுத்தேன். யாரோ சொன்னார்கள் என்று பாசார் கடையில் ஜாமு என்கிற நாட்டு மருந்து வாங்கினேன், அதில் என்ன இருக்கிறது என்று விற்றவளுக்கே தெரியாது. அவர் எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் குடித்தார். குடிகாரன் என்று பெயர் வாங்கிய பிறகு எதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் இருந்தது.

மூன்று மாதத்தில் மறுபடியும் வயிறு உப்பிவிட்டது. இந்த முறை கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர், நம்ம தமிழ்ப் பெண்தான், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. கார்டைப் படித்துவிட்டு, இவர் குடிக்கிறார்னு யார் பார்த்தது என்று கேட்டாள். இவ்வளவு நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். நான் பாட்டிலைச் சொன்னேன், லோரியைச் சொன்னேன். அவள் குடியைப் பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை. இனிப்பு நீர் எத்தனை வருஷமா, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா, எடை எவ்வளவு இருந்தது, வயிறு எப்போதிலிருந்து, ரத்தக் கொதிப்பு உண்டா, கூடப் பிறந்தவர்களுக்கு என்ன வியாதி என்றே கேட்டுக்கொண்டு போனாள். வயிற்று நீரை வடித்த பிறகு ஊசி வைத்துக் கல்லீரலில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். ரிசல்ட் வந்ததும் என்னை உட்காரவைத்துச் சொன்னாள்.

"குடிச்சவங்க கல்லீரலும் கொழுப்பு புடிச்ச கல்லீரலும் லென்ஸ்ல ஒரே மாதிரிதான் தெரியும்மா. அதனாலதான் யாரும் இவரை நம்பல. ஆனா நீங்க சொன்ன கதையில குடியே தேவையில்ல. மத்த எல்லாமே இருக்கு."

லென்ஸில் ஒரே மாதிரி தெரியும் என்று என்னிடம் வந்து சொன்னாள் பார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அவள் அன்றைக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை, உனக்காக இப்போது எழுதுகிறேன், பொறுமையாகப் படி. கல்லீரலில் கொழுப்பு சேருவது நிறையப் பேருக்கு உண்டாம், எல்லோருக்கும் அது பெரிய வியாதியாகப் போவதில்லையாம். சிலருக்குத்தான் அந்தக் கொழுப்பு உள்ளே புண்ணாக்கி, புண் ஆறிய இடம் தழும்பாகும். ஃபேக்டரியில் சூட்டுக்கோல் பட்டு என் விரலில் தடித்துப் போயிருக்கிறதே, அந்த மாதிரித் தழும்பு. மேலே மேலே தழும்பு விழுந்தால் கல்லீரல் கெட்டியாகிவிடும், பிறகு திரும்பி வருவது கஷ்டம். யாருக்குத் தழும்பு விழும் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் யாருக்கு அதிக ஆபத்து என்று சொல்லலாம் என்றாள். முதலில் சொன்னது இனிப்பு நீர், அதிலும் கட்டுக்குள் இல்லாத இனிப்பு நீர். அப்புறம் தொப்பை. மொத்த உடம்பைவிட இடுப்பைச் சுற்றி ஏறுகிற சதைதான் கெட்டது என்றாள். ரத்தக் கொதிப்பு, ரத்தத்தில் கொழுப்பு, இதெல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் ஆபத்தும் கூடும். வயது ஏற ஏற அதுவும் சேரும். எடை கூடிக்கொண்டே போகிறவனுக்கு, நிலையாக இருக்கிறவனைவிட சீக்கிரம் கெடும். இது எல்லாவற்றுக்கும் மேலே அவன் குடிக்கவும் செய்தால் கேட்கவே வேண்டாம். குடும்பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகியிருந்தால் மற்றவர்கள் முன்னாடியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். அதைச் சொல்லும்போது, உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா என்று கேட்டாள். ஒரே பையன், பதினைந்து வயது, நல்ல ஒல்லி என்றேன்.

இப்போது உன்னைப் பார்ப்போம். கோபப்படாதே, உன்னைப் பெற்றவள்தானே. உனக்கு முப்பது வயதாகிறது. கல்யாணத்தில் போட்ட சட்டை இரண்டு வருஷத்தில் பொத்தான் போட முடியவில்லை என்று கலாவின் தம்பிக்குக் கொடுத்துவிட்டாய். காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த வேலை. பீரைத் தொடமாட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று டின் இனிப்புத் தண்ணீர் குடிக்கிறாய், அப்பாவின் சார்சிக்கும் அதற்கும் கலர்தான் வித்தியாசம். இனிப்பு நீர் இன்னும் வரவில்லை, போர்டரில்தான் இருக்கிறது என்று ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி சொன்னாய். அப்பாவுக்கு முப்பத்தாறில் வந்தது உனக்கு முப்பதிலேயே வாசலில் வந்து நிற்கிறது. உனக்கு நான் பயம் காட்டவில்லை. தழும்பு விழுவதற்கு முன்னால் கொழுப்பு மட்டும் இருக்கும்போது பிடித்துவிட்டால் குறைத்துவிடலாம் என்றும் அந்த டாக்டர் சொன்னாள். எடையை மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும், பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் குறைக்கப் பார்த்தால் கல்லீரல் இன்னும் சீரழியும். கடையில் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கொசோங் கேட்டால் உன் மானம் ஒன்றும் போகாது. சர்க்கரை இல்லாமல் ஒரு மாதம் குடி, பிறகு பழைய டீயை உன்னாலேயே குடிக்க முடியாது. யார் எந்த ஜாமு கொடுத்தாலும் வாங்காதே, நானே கொடுத்தாலும். ஆனால் இதெல்லாம் பிறகு. உனக்குத் தழும்பு விழ ஆரம்பித்திருக்கிறதா இல்லையா என்று முதலில் தெரிய வேண்டும். ஸ்கேனில் கொழுப்புதான் தெரியும், தழும்பு அப்படி லேசில் தெரியாது. ரத்தத்தில் கூட சில சமயம் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரிக் காட்டிவிடும். அதற்காகத்தான் அந்தக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.

கலா இன்னொன்றும் சொன்னாள். மெடிக்கல் ஃபாரத்தில் குடும்பத்தில் யாருக்கு என்ன வியாதி என்று கேட்ட இடத்தில், அப்பா, குடியால் கல்லீரல் கெட்டு மரணம் என்று நீ எழுதினாயாம். அதற்குக் கீழே, உனக்குக் குடிப்பழக்கம் உண்டா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினாய். அதைப் படித்த டாக்டர் என்ன நினைப்பார்? அப்பாவுக்கு வந்த வினை குடியால், மகன் குடிப்பதில்லை, அவசரமில்லை என்றுதானே. ஒருமுறை கார்டில் எழுதிய ஒரு பொய் உன் அப்பாவைச் சாய்த்தது. அதே பொய்யை இந்த முறை நீ உன் கையாலேயே எழுதியிருக்கிறாய், அதை உன் கையில் கொடுத்தவள் நான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்கிறேன். டாக்டர் சொன்னதை நான் அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்மேல் பாய்வார் என்று நினைத்தேன், பாய்ந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மாமாவிடம் சொல் என்று கூடச் சொல்லவில்லை. தம்பிகிட்ட மட்டும் சொல்லிடு என்றார். சரி என்றேன். சொல்லத்தான் இருந்தேன். அந்த வாரம் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, கூடப் படிக்கிற பையன்கள் கடைக்குப் பின்னால் பீர் வாங்கிக் குடிப்பதாகவும் உன்னைக் கூப்பிட்டதாகவும் சொன்னாய். செத்தாலும் அந்தப் பக்கம் போக மாட்டேன்மா, அவரைப் பார்த்துட்டு எவன் குடிப்பான் என்றாய். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? இந்த வெறுப்பு இருக்கிற வரைக்கும் பையன் கெட்டுப்போக மாட்டான் என்று தோன்றியது. போகிறவர் எப்படியும் போகப்போகிறார், இருக்கிறவன் உருப்படட்டும் என்று கணக்குப் போட்டேன். அதில் என் சௌகரியமும் இருந்தது, அதை மறைக்கவில்லை. உன்னிடம் சொன்னால், கோயிலில் அவரைச் சொல்லவைத்தது யார் என்று நீ கேட்பாய். அந்தக் கேள்விக்கு நான் பயந்தேன்.

பத்து நாள் கழித்து அப்பா கேட்டார், தம்பிகிட்ட சொல்லிட்டியா என்று. சொல்லிட்டேன் என்றேன். என்ன சொன்னான் என்றார். ஒன்னும் சொல்லல என்றேன்.

அதற்குப் பிறகு அவர் ஐந்து மாதம் இருந்தார். நீ ட்யூஷன் முடிந்து வருகிற நேரத்துக்கு முன்பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார், உட்கார முடியாத நாளிலும். நீ சைக்கிளை நிறுத்திவிட்டு அவரைத் தாண்டி உள்ளே போவாய். உனக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் நீ பேசவில்லை என்று நினைத்துக்கொண்டே அவர் போய்ச் சேர்ந்தார். உன்னைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, பையனுக்கு என்மேல வேற ஏதாவது கோபமா என்று என்னிடம் கேட்டார். பரீட்சை டென்ஷன் என்று சொன்னேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பொய் சொன்னவள் நான் ஒருத்திதான் தம்பி. அவர் குடிக்கவில்லை, நீ அவரைக் கைவிடவும் இல்லை.

நாளைக்கு அந்த டிராயரைத் திற. டாக்டரிடம் போய் முதலில் அந்த ஃபாரத்தில் எழுதியது தப்பு என்று சொல். என் அப்பா குடிக்காதவர், இனிப்பு நீர் இருந்தது, தொப்பை இருந்தது, கல்லீரலில் கொழுப்பு ஏறித் தழும்பாகி நாற்பத்தைந்து வயதில் இறந்தார் என்று சொல். இதைப் படித்த பிறகு என்னோடு பேச உனக்கு எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள், வருஷமே ஆனாலும் நான் கேட்க மாட்டேன். டாக்டரைப் பார்க்க மட்டும் நாள் கடத்தாதே.

அம்மா